சியாட்டிலிலிருந்து அப்பாவுக்கு

சியாட்டில்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஓயாத தூறல், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ராகி மாவு கிடைக்கிறது, களி கிண்டிக்கொள்கிறேன். மேல்வீட்டுப் பெரியவர் எவ்வளவு மழையிலும் குடை பிடிப்பதில்லை, நாய்க்கு மட்டும் ரெயின்கோட் மாட்டுகிறார்.

சுனாமியைக் கடலுக்கு அடியில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று சித்தப்பா கேட்டாராமே, இதைப் படித்துக் காட்டுங்கள். நடுக்கடலில் சுனாமி உயரமாக எழாது. ஆனால் அதன் நீளம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காற்றால் எழும் அலையின் அசைவு ஆழத்துக்கு இறங்காது, சுனாமியோ அடிவரை மொத்தத் தண்ணீரையும் அசைக்கும். அதனால்தான் கருவியைக் கடல்தரையில் வைக்கிறோம். மண்டித் தராசு மாதிரி, தனக்கு மேலே உள்ள தண்ணீரை அது எடை போட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே குவார்ட்ஸ் படிகம். அழுத்தம் மாறினால் அதிர்வு மாறும். 6,000 மீட்டர் ஆழத்திலும் ஒரு சென்டிமீட்டர் ஏற்றம் தெரிந்துவிடும்.

15 வினாடிக்கு ஒருமுறை அளக்கும். முந்தைய சில மணி நேர அளவுகளை வைத்துக் கடல் எவ்வளவு ஏறி வடிய வேண்டும் என்று தானே கணிக்கும். அடுத்தடுத்து இரண்டு அளவுகள் அந்தக் கணிப்பிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் உடனே தகவல் கொடுக்கும். ரேடியோ கடல்நீரைத் தாண்டாது, எனவே ஒலியாக மேலே கடல்பரப்பில் நிற்கும் மிதவைக்கு, அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு. நிலநடுக்க அதிர்வும் இதைத் தூண்டும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொல்லையெல்லாம் மிதவையில்தான். கயிறு தேய்ந்து அறும், மீன்பிடிப் படகை அதில் கட்டி இழுப்பார்கள். மிதவை விலகிப்போனால் கீழே கருவி நன்றாக இருந்தும் பேச்சு மேலே வராது. என் வேலை கருவியின் மூடிகளைச் சரிபார்ப்பது. ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், அந்த ஆழத்தில் 600 மடங்கு காற்றழுத்தம், தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

2004-இல் அலை சுமத்ராவிலிருந்து சென்னைக்கு வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது.

பொங்கலன்று அம்மா குரலைக் கேட்டபின் போனை வைக்க மனசே வரவில்லை. பெங்களூரா மாமரங்கள் பூ விட்டிருக்கும், அந்த வாசனை வேண்டும் போல இருக்கிறது.

பூவைப் பார்த்தே குத்தகை பேசிவிடாதீர்கள். பிஞ்சு பிடிக்கட்டும், பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். போர் மோட்டாரை மாற்றிவிடுங்கள். இந்த மாதப் பணம் சற்றுத் தள்ளி வரும், கவலைப்பட வேண்டாம். செல்வியின் ஜாதகத்தைக் காவேரிப்பட்டினம் மாமாவிடம் கொடுத்தாயிற்றா? பட்டா நகலைத் தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்,
குமரன்