அடுப்படிப் புகையும் நம் ஊர் நோயாளிகளும்: சிலிண்டர் நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்கும் ஊருணி தூர்வாரவும் கேட்டபோதெல்லாம் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று எங்கிருந்தாலும் தட்டாமல் கொடுத்தவர்கள் நீங்கள். இந்த முறை கேட்பது அடுப்படிக்கு. கல்வெட்டில் பேர் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதுகுளத்தூர்ப் பக்கம் எதற்குப் பஞ்சம் வந்தாலும் விறகுக்குப் பஞ்சம் வராது. கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவைதான், வெட்ட வெட்டத் தழைக்கிறது. காசில்லாமல் கிடைப்பதால், கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டிலும் அது டீ போடவும் விருந்தாளிக்குப் பால் காய்ச்சவும்தான். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகில். உடம்பு நன்றாக இருப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமாளித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே இழுப்பு, இருதய நோய், சுகர் என்று இருப்பவர்களுக்குத்தான் பாடு.

மேலத்தெருவில் ஓர் அப்பத்தா. பீடி, சுருட்டு எதையும் தொட்டவர் இல்லை. ஆனால் டாக்டர் சீட்டில் சிஓபிடி என்று இருக்கிறது, பல வருஷம் புகைபிடித்தவர்களுக்கு வருகிற அதே நுரையீரல் அடைப்பு நோய். முந்தானையில் இன்ஹேலரை முடிந்துகொண்டு ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறார். நாலு ஊது ஊதினால் இருமல் வந்துவிடுகிறது. இருமி முடித்து, மூச்சு வாங்கி, மறுபடி ஊத வேண்டும். மேலே ஓட்டுச் சட்டங்களில் கரி தார் மாதிரி படிந்திருக்கிறது. தட்டிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அய்யா, நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவர். சமைப்பது ஒருவர், அந்தப் புகையைச் சுவாசிப்பது இருவரும்.

புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியை விட, தெரியாத நுண்துகள்தான் மோசம். பிஎம் 2.5 என்கிறார்களே, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடி வரைக்கும் போய், அதிலும் சிறியவை ரத்தத்திலேயே கலக்கின்றன. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இருதய நோயாளிக்கு ரத்தக்குழாயில் வீக்கம் கூடி, ரத்தம் உறைவதும் எளிதாகிறது. சுகரால் ஏற்கெனவே கெட்டுப்போன ரத்தக்குழாய்க்கு இது கூடுதல் அடி. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்வதால், பலவீனமான இருதயத்துக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் குறைகிறது. 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது, நல்ல விஷயம். மாத்திரை வாசலில் வந்து, புகை கொல்லைப்புறத்தில் நின்றால் எப்படி?

சரி, புது அடுப்பு வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று பலர் கேட்டீர்கள். அடுப்பு இருக்கிறது, அடுத்த சிலிண்டருக்குத்தான் காசில்லை. ஏழை வீட்டுப் பெண்களுக்கு மத்திய அரசு தரும் உஜ்வலா கேஸ் இணைப்பு இருந்தால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வருகிறது என்றாலும், முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது ஏறும் என்று காத்திருக்கிற வீட்டில் அது லேசான காரியமில்லை. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் இன்னும் மூன்று நாடுகளிலுமாகச் சேர்த்து சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு கேஸ் அடுப்போடு 18 மாதத்துக்கு கேஸும் இலவசமாகக் கொடுத்தார்கள். குழந்தையின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பெண்கள் விறகு அடுப்பைக் கிட்டத்தட்ட விட்டேவிட்டார்கள், அவர்கள் சுவாசித்த நுண்துகளும் நன்றாகக் குறைந்தது. 'விறகில் ஆக்கினால்தான் ருசி' என்று நாம் சொல்வதில் பாதி, காசு இல்லாததற்குச் சொல்லும் சமாதானம்தான் என்பது எங்கள் கருத்து. சண்டைக்கு வரலாம்.

எனவே நீண்டநாள் நோயாளி இருக்கிற 34 வீடுகளை எடுத்திருக்கிறோம். சிலிண்டருக்கு 400 ரூபாய் நிதியிலிருந்து, மீதி அந்த வீட்டார். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் என்றால் 1,08,800 ரூபாய். விறகை உடனே விட முடியாத 12 வீடுகளுக்குப் புகைபோக்கி வைக்க, வெந்நீர் அடுப்பை வெளியே நகர்த்த, வீட்டுக்கு 5,000 வீதம் 60,000. புகைபோக்கியை மாதாமாதம் கரி தட்டிச் சுத்தம் செய்கிறவருக்குக் கூலி 11,200. ஆக மொத்தம் 1,80,000. அந்தக் கூலிக் கணக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஒடிசாவில் இப்படித்தான் புகைபோக்கி அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது, அப்புறம் பராமரிப்பில்லாமல் பலனே இல்லாமல் போனது என்று சில வருஷம் கூடவே இருந்து பார்த்தவர்கள் எழுதினார்கள். அந்தக் கூலியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

கொசுவத்திக்கு நிதியில் ஒதுக்கீடு இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதையும் கதவைச் சாத்திக்கொண்டு, இழுப்பு நோயாளியின் தலைமாட்டிலேயே கொளுத்துகிறோம். ஊருக்கு வரும்போது பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு கொசுவலையும் வாங்கி வாருங்கள்.

பணம் குழுவின் பெயரில் இருக்கும் கூட்டுக் கணக்குக்கு மட்டும். தனியாள் கையில் கொடுக்க வேண்டாம். கணக்கு எண்ணைப் பொருளாளர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிப்போம், எந்த வீட்டில் என்ன நோய் என்பதை மட்டும் வெளியில் சொல்ல மாட்டோம்.

எங்களிடம் பணம் தர விருப்பமில்லாதவர்கள், உங்கள் அப்பத்தா வீட்டு சிலிண்டரை அங்கிருந்தபடியே போனில் புக் பண்ணிக் கட்டிவிட்டாலும் சரிதான். ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள், அந்த இடத்தைப் பட்டியலில் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
சிலிண்டர் நிதிக் குழுவினர்