கயலுக்கு, கும்பகோணத்திலிருந்து அம்மா

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். வலங்கைமான் அத்தை பேத்திக்கு வைகாசியில தேதி குறிச்சிருக்காங்க, அதை அப்புறம் சொல்றேன். போன் பண்ணினா ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள "அப்புறம் கூப்பிடுறேம்மா"ன்னு வச்சுடுறே. வாட்ஸ்அப்ல வெறும் கட்டைவிரல்தான் வருது. அதான் பேப்பரை எடுத்துட்டேன்.

உன் ப்ராஜெக்ட்ல போபால் விஷவாயு இருக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்தது இருக்கு, நம்ம ஊர் யானைக்காலும் ஒரு அத்தியாயமா வருதுன்னு நீ சொன்னதுல இருந்து அப்பா கடைத்தெருவுல பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வர்றார். எனக்கும் பெருமைதான். தெருச் சாக்கடையில பொறந்து வீட்டுக்கு வீடு வந்த நோயை யார் இப்படி உக்காந்து எழுதப்போறாங்க? நீ எழுது.

அப்பாயி காலைப் பத்திக் கேட்டியே. நான் கல்யாணமாகி வந்தப்பவே இடது கால் முட்டி வரைக்கும் வீங்கி, தோல் மடிப்பு மடிப்பா இருந்துச்சு. திடீர்னு நெறி கட்டி, குளிர் தூக்கிப் போடும். அமாவாசை நெருங்குனா வரும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஃபைலேரியா கிளினிக் நர்ஸம்மாதான் சொன்னாங்க, விரல் இடுக்குப் புண் வழியா கிருமி உள்ள போறதாலதான் அந்தக் காய்ச்சல்னு. கழுவுற விதத்தையும் அவங்களே காட்டிக் கொடுத்தாங்க. அகலப் பேசின்ல தண்ணி, சாதாரண சோப்பு. மடிப்பை விரலால விரிச்சு, நுரை உள்ள போற மாதிரி மெதுவாத் தேய்க்கணும். பழைய வேட்டியைக் கிழிச்சு வச்சுக்கிட்டு, துணியில ஈரம் ஒட்டாத வரைக்கும் ஒவ்வொரு இடுக்கா ஒத்தி எடுக்கணும். அப்புறம் களிம்பு. அப்புறம் காலைத் தலகாணி மேல தூக்கி வைக்கணும். அப்பாயி கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்குவாங்க, நான் பிடிச்சுக்குவேன். அப்படிக் கழுவ ஆரம்பிச்சப்புறம் காய்ச்சல் வர்றது குறைஞ்சுபோச்சு. வீக்கம்தான் கடைசி வரைக்கும் போகலை. இதை அப்படியே எழுதிக்கோ. விரல் இடுக்கு உலர்ந்திருக்கணும். நீயும்தான், குளிச்ச ஈரத்தோட ஷூவை மாட்டிக்கிட்டு ஓடாதே.

யானைக்கால் இருக்கான்னு பார்க்க, ராத்திரி பத்து மணிக்கு மேல டார்ச் அடிச்சுக்கிட்டு ரத்தம் எடுக்க வருவாங்க. அந்த நோய்ப் புழுவோட குஞ்சு ராத்திரியிலதான் மேல் ரத்தத்துக்கு வரும்னு விளக்கம் சொன்னவ நீ. வருஷத்துக்கு ஒரு தரம் ஊருக்கே யானைக்காலுக்கான டி.இ.சி. மாத்திரை கொடுக்கிறதை நம்ம மாநிலத்துல 1996ல கடலூர் மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்கன்னும் நீதான் சொன்னே. நம்ம தெருவுல, மாத்திரை போட்டா வர்ற தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அதை முந்தானையில முடிஞ்சு வச்சு, அப்புறம் தூக்கிப் போட்டவங்க உண்டு. நம்ம வீட்டுல யாரும் அப்படிச் செய்யலை. ரெண்டு வயசு தாண்டினதுல இருந்து நீ ஒரு வருஷமும் விட்டதில்லை. உன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் நகருவேன். இப்ப எனக்கு அது ஒண்ணுதான் தைரியம்.

ஜூன் 12ல மேட்டூரைத் திறந்தா அரசலாறு ஆறா இருக்கும். மத்த மாசத்துல வாய்க்கால்ல நிக்கிறது பூரா வீட்டுச் சாக்கடை. பிளாஸ்டிக் அடைச்ச மதகு, மூடி உடைஞ்ச செப்டிக் டேங்க், எல்லாம் கொசுதான். நோய் குறைஞ்சிருக்கு, கொசு குறையலை. நோயை முதல்ல 2015க்குள்ள ஒழிச்சுடுவோம்னாங்க, இப்ப 2027ங்கிறாங்க. அந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டு எழுது.

இன்னொண்ணும் எழுதணும். பொண்ணு பார்க்க வெளியூர்ல இருந்து வர்றவங்க முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காலைப் பார்ப்பாங்க. உங்க அத்தையைக் கூடத்துல நடந்து காட்டச் சொன்னாங்க. கல்யாணம் முடியுற வரைக்கும் அப்பாயி பின்கட்டை விட்டு வெளிய வரலை. பெத்த பொண்ணு மாலை மாத்தினதை அவங்க பார்க்கலை. அப்பாயி பேரைப் போடலாமான்னு கேட்டியே, தாராளமாப் போடு.

கயல், பொங்கலுக்கு வந்தப்ப வீட்டுக்குள்ளயும் சாக்ஸ் போட்டுக்கிட்டே இருந்தே. கேட்டதுக்குத் தரை சில்லுனு இருக்குன்னே. மாட்டுப் பொங்கல் ராத்திரி நீ அசந்து தூங்கினப்ப போர்வை விலகிக் கிடந்துச்சு. இடது கணுக்கால்ல சாக்ஸ் விளிம்பு பதிஞ்ச பள்ளம் அவ்வளவு ஆழமா இருந்துச்சு. வலது கால்ல இல்லை. விடிஞ்சு பார்த்தப்ப வடிஞ்சிருந்துச்சு. நான் கேட்கலை, நீயும் சொல்லலை. அதுக்கப்புறம்தான் உன் போன் குறைஞ்சுச்சு.

எல்லா வீக்கமும் அதுவாகாது, தெரியும். நாள் பூரா நின்னு சர்வே எடுக்கிறே. ரத்தம் கம்மியா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம். அதுவாவே இருந்தாலும் ஆரம்பத்துலயே பார்த்துக்கிட்டா அப்பாயி கால் மாதிரி ஆகவிடாம நிறுத்தலாம். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதானே? ஊர் ஊராப் போய்ச் சொல்றே, எங்கிட்ட மட்டும் எதுக்கு மறைக்கிறே? கல்யாணப் பேச்சுக்காக மறைக்கிறியோன்னு ஒரு நினைப்பு. அந்தப் பேச்சை நானும் அப்பாவும் நிறுத்தி வச்சாச்சு. யார் வந்தாலும் உன்னை நம்ம கூடத்துல நடந்து காட்ட விடமாட்டேன்.

காலைக் கழுவு. இடுக்கெல்லாம் துடை. ராத்திரி தலகாணி வச்சுப் படு.

அடுத்த வெள்ளிக்கிழமை உழவன்ல டிக்கெட் போட்டிருக்கேன், சனிக்கிழமை விடியக்காலை எழும்பூர் வந்துடுவேன். இப்ப பகல்லயே விரல் நுனி ரத்தத்தை ஸ்ட்ரிப்ல வச்சுப் பார்த்துடலாம்னு சொன்னியே, எங்க பார்க்கணும்னு விசாரிச்சு வை. ராத்திரிதான் எடுக்கணும்னு சொன்னாலும் கூட உக்காந்திருக்கேன். ஹாஸ்டல்ல அம்மாவைத் தங்க விடுவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. உன் சர்வேக்கு அத்தை நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளையும் எடுத்துட்டு வர்றேன்.

அன்புடன்,
அம்மா