தெஸ்கோகோ தெருமுனைக் கடைக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருமுனையில் ஆறே நாற்காலி போட்டுக் கடை நடத்தும் அம்மாவுக்கும், அவர் மகனுக்கும், பின்தெரு மில்காரருக்கும், அன்று ராத்திரி தூக்கம் முழித்து என்னோடு சருகு மடித்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும்,

வணக்கம். மனசில் இருப்பது முழுசாக வர வேண்டுமே என்று தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு நானே ஸ்பானிஷில் வாசித்துக் காட்டுகிறேன்.

மக்காச்சோள நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊருக்கு வந்தவள் நான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஆய்வகத்தில் எல்லோருமாக ரோஸ்கா ரொட்டி வெட்டினோம். குழந்தை இயேசு பொம்மை என் துண்டுக்குள் இருந்தது. பொம்மை யாருக்கு வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால், அதாவது மக்காச்சோள மாவைச் சருகில் மடித்து அவிக்கும் பண்டம், கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாம். மொத்தம் இருபத்தைந்து பேர். சரி, வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஓரிடத்தில் ஆர்டர் கொடுத்தேன். ஜனவரி 31 மாலை, முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அம்மா, நேராக உங்களிடம்தான் வந்து நின்றேன். "நாளைக்குச் சாயங்காலம் வா, மிஹா" என்றீர்கள். மிஹா என்றால் மகளே.

மறுநாள் நான் வந்தபோது, காலையிலேயே சுண்ணாம்பு போட்டு வேகவைத்த ஐந்து கிலோ மக்காச்சோளம் பானையில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு மணியை என் விரலில் வைத்து நசுக்கச் சொன்னீர்கள். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. நிக்ஸ்தமால் என்கிற இந்தப் பக்குவத்தால்தான் மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் சத்து உடம்பில் சேருகிறது. பக்குவம் போகாமல் தானியம் மட்டும் போய்ச் சேர்ந்த தெற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. பாடத்தில் படித்த அந்த விஷயம் என் விரலுக்குத் தெரிந்தது உங்கள் அடுப்படியில்தான்.

மில்காரரே, அடைத்த கடையை எனக்காகத் திறந்தீர்கள். டோர்டியா ரொட்டிக்கு மை போல அரைப்பீர்கள். தமாலுக்குக் கொஞ்சம் கொரகொரப்பு வேண்டும் என்று கல்லைத் தளர்த்தி அரைத்துக் கொடுத்தீர்கள்.

அப்புறம் மாவில் சேர்க்கும் பன்றிக் கொழுப்பு. அம்மா, நான் சைவம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகனை அனுப்பி எண்ணெய் வாங்கி வரச் சொன்னீர்கள். எண்ணெயில் மாவு லேசாவதற்கு நேரமாகும் என்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் கையாலேயே அடித்தோம். ஒரு கிள்ளு மாவைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தீர்கள். முங்கியது. மறுபடி அடித்தோம், மறுபடி முங்கியது. மூன்றாம் தடவை மிதந்ததும் அத்தனை பெண்களும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊறவைத்த சோளச் சருகில் மாவைத் தடவி, நடுவே மிளகாய்க் கீற்றும் சீஸும் வைத்து மடித்தோம். எங்கள் ஊர் இலைக் கொழுக்கட்டை மாதிரிதான், எனக்குக் கை சீக்கிரம் பழகிவிட்டது. அடுக்குவதற்கு முன்னால் பானையின் அடித்தண்ணீரில் ஒரு பெசோ நாணயத்தைப் போட்டீர்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும்; சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம். எண்பது தமால். கூலி என்று நீட்டியதை வாங்க மறுத்துவிட்டீர்கள்.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. கதிரில் கரிப்பூட்டைப் பூஞ்சை வந்தால் நோய் என்று குறித்துப் பழகியவள் நான். மழைக்காலத்தில் அதையே வித்லாகோச்சே என்று எபாசோதே இலை போட்டு வதக்கி என் தட்டில் வைத்தீர்கள். கருகருவென்று, காளான் வாசனையோடு, அவ்வளவு ருசி. நீலச் சோளத்தில் அவரைக்காய் போல நீளவாக்கில் தட்டி, உள்ளே பயறு வைத்து, மேலே சப்பாத்திக்கள்ளித் துண்டு போட்ட உங்கள் த்லாகோயோவுக்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன். அந்த நீலச் சோளத்தைக் கொண்டுவரும் பெரியவருக்கும் என் வணக்கம். பாக்கெட் மாவு மலிவாகக் கிடைத்தாலும் நீங்கள் அவரிடமே வாங்குகிறீர்கள். அதனால்தான் அவர் இன்னும் அதை விதைக்கிறார்.

பானை என் வீட்டில்தான் இருக்கிறது. தேய்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், அடியில் கிடந்த பெசோவோடு.