ஊருணிப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மரக்கன்று நட்டதெல்லாம் நீங்கள் உடனிருந்து செய்ததுதான். கரையில் நிற்கும் தேற்றா மரத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தூர்வாரும் வேலைக்கு வந்த மதிப்பீட்டில் எத்தனை கன மீட்டர் மண், எத்தனை நாள் எந்திரம், கரையைச் சுற்றி எவ்வளவு நடைபாதை என்று எல்லாம் இருந்தது. தேற்றா மரத்துக்கு ஒரே வரி: அகற்ற வேண்டியது, விறகு மதிப்பு மட்டும். அதைக் கரையில் வைத்து வாசித்தபோது கீழத்தெரு ஆச்சி ஒருவர், “அதை வெட்டிப்புட்டா கொட்டைக்கு எங்கே போறது?” என்று கேட்டார். மறுநாள் காலை தம் வீட்டு மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தேத்தாங்கொட்டையை உரசி உரசிப் பானையின் உட்புறத்தில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எங்கள் கண்முன்னே கொட்டையை உரசி, கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தார். மதியம் திறந்து பார்த்தால் மண் அடியில் படிந்து, மேல்நீர் தெளிந்திருந்தது. குழாய் வருமுன் நம் தெருக்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். மதிப்பீடு போட்டவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவர் யாரையும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அதன்பிறகு வீடு வீடாகக் கேட்டோம். மாடு வைத்திருப்பவருக்கு ஊருணி தண்ணீர் காட்டும் இடம். ஐயனாருக்குப் புரவி எடுப்பவருக்கு அது சாமியின் நீர். பிள்ளைகளுக்கு நீச்சல் பழகிய படித்துறை. பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் அமைப்பின் (IPBES) அறிக்கை ஒன்றை 2022 ஜூலையில் பான் நகரில் 139 நாடுகள் ஏற்றன. இயற்கையை மதிப்பிட 50-க்கும் மேற்பட்ட முறைகள் இருந்தும், வெளியான ஆய்வுகளில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவையே தங்கள் முடிவுகள் கொள்கையில் பயன்பட்டதாகச் சொல்கின்றன என்கிறது அது. உலக அளவில் நடப்பதுதான் நம் ஊருணிக்கரையிலும் நடக்க இருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே, சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. அதன் கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் அமைந்தது. கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்தப் பறவைகளைத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளாக நினைக்கும் மனத்தை எந்த மதிப்பீட்டுத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திருத்திய திட்டத்தில் தேற்றா மரம் நிற்கிறது. முதல் திட்டத்தில் நடைபாதை, ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்காலை மறித்துப் போயிருந்தது. அதை மேற்குக் கரைக்கு மாற்றச் செய்தோம். ஓட்டுக் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை தெருவழியே ஊருணிக்கு வரும்படி வாட்டம் வைத்துக் கட்டிய ஊர் இது. அந்த வாயை அடைத்தபின் எவ்வளவு ஆழம் தோண்டியும் பயனில்லை.

சீமைக்கருவேல மரங்களைப் பற்றி எடுத்த முடிவில் எல்லாருக்கும் மனநிறைவு இல்லை. முழுவதையும் வேரோடு பிடுங்க வேண்டும் என்பதே என் கருத்தாக இருந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பத்தார் கூட்டத்துக்கு வந்து, “எங்க அடுப்பு எரியறது அதாலதான்” என்றார்கள். மூன்று கூட்டம் பேசினோம். ஊருணிக்குள்ளும் வரத்துக்காலிலும் இருப்பதை எடுப்பது, விறகை அவர்களுக்கே கொடுப்பது, புறம்போக்கு மேட்டில் நிற்பதை இப்போதைக்கு விட்டுவைப்பது என்று முடிவானது. சில உறுப்பினர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. அவர்கள் சொன்னதும் கூட்டப் பதிவேட்டில் இருக்கிறது.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சி தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். நம் ஊர்ப் பதிவேட்டில் கோயில்காட்டு மரங்களும் தேற்றாவும், அவற்றை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் ஏற வேண்டும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்களுக்குத் தெரிந்த மரம், செடி, பறவையின் பெயரை நம் ஊர் வழக்கில் எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்