தம்பிக்கு, ஓஸ்லோவிலிருந்து

ஓஸ்லோ,
ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே காலை ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது. அம்மாவிடம் போனில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு உள்ளதைச் சொல்கிறேன்.

நவம்பரில் ஒருநாள் வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு வெந்நீரில் குளிக்கும்போது வலது விரையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, அதே கெட்டி. துளியும் வலிக்கவில்லை. அதனாலேயே மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன், வெட்கம் வேறு. இங்கே எல்லோருக்கும் ஒரு குடும்ப டாக்டர் உண்டு. என் டாக்டரம்மா தலைவலியை விசாரிப்பதுபோல் சாதாரணமாக விசாரித்தார். ஸ்கேன் எடுத்து, பத்து நாளில் தொடையிடுக்குக்கு மேலே கீறி விரையையே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான். பரவவில்லை, பயப்படாதே. பரவினாலும் சிஸ்பிளாட்டின் மருந்தில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

நார்வேயிலும் டென்மார்க்கிலும் இந்த நோய் மிக அதிகம், நம் நாட்டில் குறைவு. இந்தக் குளிருக்கு வந்ததால்தானோ என்று மருகினேன். ஆனால் டென்மார்க்கில் கணக்கெடுத்ததில், வெளியே பிறந்து குடியேறியவர்களுக்குக் குறைவாகவும், அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய உள்ளூர்க்காரர் அளவுக்கும் இருந்ததாம். கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்கிறார்கள்.

அப்புறம், அப்பாவின் ஒய் குரோமோசோம்தான் உனக்கும் எனக்கும். அதில் ஜிஆர்/ஜிஆர் என்ற துண்டு விடுபட்டிருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். அப்படி விடுபட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அம்மா தருகிற எக்ஸ் குரோமோசோம் மீதும் 2000இல் சந்தேகப்பட்டார்கள். பிந்தைய ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், எதையும் தன் தலையில் போட்டுக்கொள்வாளே. மற்ற குரோமோசோம்களிலும் பல ஜீன்களுக்குப் பங்கு உண்டு.

ஒருவனுக்கு வந்தால் கூடப்பிறந்தவனுக்கு ஆபத்து 8 முதல் 10 மடங்கு. நோயே அபூர்வம் என்பதால் உனக்கு வராமலிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்ததும் இரண்டு விரையையும் விரலால் மெல்ல உருட்டிப் பார். கெட்டியாக ஏதாவது பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ. உன் குட்டிப்பயலுக்கு ஒரு பக்க விரை இன்னும் பைக்குள் இறங்கவில்லை என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே. ஒரு வயது ஆவதற்குள் குழந்தை அறுவை டாக்டரிடம் காட்டிவிடு. இறங்காத விரையில் இந்த ஆபத்து கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அண்ணன்