எமது தோட்ட முதியோர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளரின் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் வந்து சேர்ந்த அங்கத்தவர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். அவர்களுடைய குடும்பங்களுக்கு மரண உதவிப் பணம் வழமைபோல் தாமதமில்லாமல் கொடுக்கப்பட்டது. சந்தா, செலவு, வங்கி மீதி எல்லாவற்றையும் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது; தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வரவு குறைந்தது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினத்தைப் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து கொண்டாடினோம். 60 வயது நிறைந்தும் முதியோர் அடையாள அட்டை எடுக்காதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கிராம சேவகரைக் கண்டு பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எழுதத் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம், நான் நிரப்பித் தருகிறேன்.

சரி, இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒரு கோயில் யாத்திரை, ஒரு விருந்து என்று நின்றுவிடாமல் அங்கத்தவர்களின் உடம்புக்கு உதவுகிற ஏதாவது செய்ய வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். சாப்பாடு, நடை, கால் பலம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டோம்.

நம்மில் பெரும்பாலோர் முப்பது நாற்பது வருடம் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தவர்கள். மிச்சப்பேர் ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையிலோ, செடி வெட்டும் கவ்வாத்திலோ நின்றவர்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடியதிலிருந்து பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை ஏற்றமும் இறக்கமும்தான். அந்தக் காலத்தில் ரொட்டியும் சம்பலும் தின்று, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீர் குடித்தாலும் மலை எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. வேலையை விட்டு நின்று, சேமலாப நிதியை வாங்கிய பிறகு கால் நின்றது, ரொட்டி நிற்கவில்லை. அடுப்படிக் கதகதப்பில் உட்கார்ந்துகொண்டு அதே ரொட்டி, அதே தேத்தண்ணீர். கிளினிக் கொப்பியில் பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் ஏறிய கதையில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சீனியைப் பிடித்தோம். ஒரு கூட்டத்தில் மேசைமேல் சீனிப் போத்தலையும் கண்ணாடிக் கிளாஸ்களையும் வைத்து, அவரவர் ஒரு நாளில் தேத்தண்ணீருக்குப் போடும் சீனியைக் கரண்டி கரண்டியாகக் கிளாசில் போடச் சொன்னோம். முதலில் ஒரே சிரிப்பு. ஓர் அம்மா கோப்பைக்கு மூன்று கரண்டி, ஐந்து கோப்பை என்று எண்ணிப் போட்டார். பதினைந்தாவது கரண்டியில் கிளாசின் மூன்றில் ஒரு பங்கு தாண்டிவிட்டது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இம்புட்டையுமா நான் குடிக்கிறேன்?” என்றார். அப்புறம் மண்டபத்தில் சிரிப்பில்லை. ஒரு தேக்கரண்டி என்பது நான்கு ஐந்து கிராம். ஆக, அது 60 கிராமுக்கு மேல். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் பிஸ்கட், பணிஸில் உள்ள சீனியும் அடக்கம். ஒரேயடியாக நிறுத்தியவர்கள் மூன்றாம் நாளே பழைய கரண்டிக்குத் திரும்பினார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி என்று குறைத்தவர்கள் நிலைத்து நின்றார்கள். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் சீனிக் கணக்கில் சேராது என்று சிலர் வாதாடினார்கள். கருப்பட்டியும் சீனிதான், ஐயா.

தேத்தண்ணீரைப் பற்றி இன்னொன்று. நாம் பறித்த கொழுந்தை நானே குறை சொல்ல மாட்டேன். சீனி இல்லாத சாயத் தேத்தண்ணீரால் கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் சோற்றோடு சேர்த்தோ, சாப்பிட்டு எழுந்த கையோடோ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது விடாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சாப்பாட்டில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

கோதுமை மா ரொட்டியைக் குறைக்கச் சொன்ன விஷயத்தில்தான் அதிகம் சண்டை. நம் பாட்டன் பூட்டன் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கண்டிச்சீமை என்ற இந்த இலங்கை மலைநாட்டுக்கு வந்தபோது கேழ்வரகும் கம்பும் தெரிந்தவர்களாகத்தான் வந்தார்கள். இங்கே வந்து தோட்டத்து அரிசிக்கும், பிறகு பங்கீட்டுக் கூப்பனில் கிடைத்த மாவுக்கும் பழகினோம். அந்தக் கேழ்வரகுதான் கடையில் குரக்கன் என்று விற்கிறது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. எலும்பு தேயும் வயதில் அது பெரிய விஷயம். ஆனால் வெறும் குரக்கன் மாவில் ரொட்டி தட்டினால் விரிசல் விட்டு உடையும். சங்கத்தில் செய்து பார்த்ததில், பாதி குரக்கன், பாதி ஆட்டா மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த வல்லாரை, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து கால் மணித்தியாலம் மூடி வைத்தால் பதமாக வருகிறது. ஒரு எச்சரிக்கை: குரக்கன் ஆயிற்றே என்று ஆறு ரொட்டி தின்றால் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். இரண்டு போதும், மீதி வயிற்றுக்குப் பருப்பும் கீரையும்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிப் பேசியபோது மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 1973, 74 பஞ்சத்தில் கிழங்கையும் கீரையையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களில் எத்தனை பேரைப் புதைத்தோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பலாக்காய், பலாக்கொட்டை, வற்றாளங்கிழங்கு என்று மாற்றிக்கொண்டோம். ஆனால் கீரையையும் பஞ்சச் சாப்பாடு என்று ஒதுக்குவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் கோவாவும் போட்டு எல்லாவற்றையும் லொறிக்கு ஏற்றிவிட்டு, அந்தக் காசில் மாவும் சோயா மீட்டும் வாங்கி வருகிறோம். விற்பதற்கு முன்னால் சட்டிக்கு ஒரு பிடி எடுத்து வையுங்கள் என்பதுதான் சங்கத்தின் வேண்டுகோள்.

பழைய உரப் பைகளில் மண் நிரப்பி வல்லாரை, பொன்னாங்கண்ணி, முளைக்கீரை நட்ட அங்கத்தவர்களுக்குப் பாராட்டு. வல்லாரை நம் ஈரத்துக்கு அள்ளிக் கொடுக்கிறது. முருங்கை நம் குளிருக்குச் சரியாக வராது, அதைச் சந்தையில்தான் பார்க்க வேண்டும். தேயிலை மலை ஓரத்தில் தானாக முளைக்கும் கீரையை மட்டும் பறிக்காதீர்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்து அதிலும் பட்டிருக்கும்.

பல் இல்லாதவர்களின் பிரச்சினையை மகளிர் பிரிவினர்தான் எடுத்துச் சொன்னார்கள். பல் போனவர் கீரையையும் கடலையையும் விட்டுவிட்டு, தேத்தண்ணீரில் தோய்த்த பணிஸிலும் ரஸ்கிலும் காலத்தை ஓட்டுகிறார். வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அவர்களுக்காகப் பருப்போடு கீரையைக் குழைய அவித்து மசித்தது, குரக்கன் கூழ், பயறங்கஞ்சி, அவித்த முட்டை, பப்பாசி, அவகாடோ என்று செய்து காட்டினோம். அவகாடோ காய்க்கும் காலத்தில் மரத்தடியில் விழுந்து வீணாகிறது. அதில் சீனி போட்டுப் பிசைவதுதான் நம் பழக்கம். உப்பும் மிளகும் தேசிக்காயும் போட்டுப் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பவர்களைப் பற்றி எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது. வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காமல் பல் கிளினிக்குக்குப் போங்கள்.

வயதானவருக்குக் கஞ்சி போதும் என்ற எண்ணமும் மாற வேண்டும். வயது போகப் போகத் தசை தானாகக் கரைகிறது. அதைத் தடுக்க இளவயதினரைவிட நமக்குத்தான் புரதம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்: உடல் நிறையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ உள்ளவருக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான், ஆகவே பருப்பு, கடலை, கௌபி, பயறு, மீன் எல்லாம் மாறி மாறி வேண்டும். நெத்தலி நல்லது, ஆனால் கருவாட்டு உப்பு பிரஷருக்கு ஆகாது. சுடுநீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவிச் சமையுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு எல்லாம் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது. கீரை, பழத்தில்கூட அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. டொக்டரைக் கேட்டு நடக்க வேண்டும்.

இடையில் ஒரு கம்பனி ஆள் வந்து, மூட்டுவலியும் சீனியும் ஒரே மாதத்தில் போகும் என்று டின் மா விற்றுவிட்டுப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். சிலர் மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய பணத்தை அதில் போட்டார்கள். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ பயறு என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. இனிமேல் செயற்குழுவைக் கேட்காமல் மண்டபத்தில் எவரும் மருந்தோ மாவோ விற்க முடியாது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

அதோடு சேர்த்து ஒரு விஷயம். பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று கிளினிக் குளிசையை நிறுத்திய ஓர் அங்கத்தவரைத் தலைசுற்றி விழுந்த பிறகு வாகனம் பிடித்து ஏற்ற வேண்டியதாயிற்று. சாப்பாட்டைத் திருத்துவது குளிசையை விடுவதற்காக இல்லை. குறைப்பதானால் டொக்டர் குறைக்கட்டும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடைக்கு வரவேண்டாம். சட்டைப்பையில் இரண்டு இனிப்பு வைத்திருங்கள். கருப்பட்டிக்கு அங்கே மட்டும் அனுமதி உண்டு.

நடைக்கு மைதானத்தைத் தேர்ந்தெடுத்தது பற்றிக் கேள்வி எழுந்தது. தேயிலை மலையிலேயே நடக்கலாமே என்றார்கள். ஏற்றம் மூச்சுக்கு நல்லது, ஆனால் தேய்ந்த முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. ஐந்து நாள் அரை மணித்தியாலம். முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். மழை நாளில் மண்டபத்துக்குள் கதிரைப் பயிற்சி. பிளாஸ்டிக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு தடவைக்கே மூச்சு வாங்கியவர்கள் இப்போது பத்துத் தடவை எழுகிறார்கள். கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடப்பது ஆகியவையும் செய்கிறோம். வாரத்தில் மூன்று நாளாவது இந்தச் சமநிலைப் பயிற்சி செய்தால் விழுவது குறையும். இது ஆண்களுக்கும் தேவை, ஆனால் வருவது பெண்கள்தான். ஆண்கள் மைதானத்து ஓரத்தில் நின்று கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

விழுவது என்றதும் லயத்துப் படிக்கட்டு ஞாபகம் வருகிறது. பாசி பிடித்த கல், வெளியே மலசலகூடம், இரவில் வெளிச்சம் இல்லை, காலில் தேய்ந்த செருப்பு. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானவர்களைப் பார்த்திருக்கிறோம். படிகளுக்குக் கைபிடிக் குழாய் போட்டுத் தரும்படி கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இளைஞர் கழகத்தினர் மேல்வரிசைப் படிகளில் பாசியைச் சுரண்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

வடை விவகாரத்தையும் பதிவு செய்ய வேண்டும். மாதாந்தக் கூட்டத்தில் வடைக்குப் பதில் அவித்த கடலை கொடுக்கத் தொடங்கியதும் அடுத்த கூட்டத்துக்கு வரவு படுத்துவிட்டது. கடலையில் தேங்காய்ச் சொட்டும் தாளிதமும் சேர்ந்த பிறகு ஆட்கள் திரும்பினார்கள். பொதுக்கூட்டத்தன்று மட்டும் வடை உண்டு என்று ஏகமனதாக முடிவாகியுள்ளது.

இன்று சபையின் முடிவுக்கு விடப்படுபவை: கைபிடிக் குழாய்களுக்குச் சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குவது, குரக்கன், பயறு, சிவப்பரிசியை மொத்தமாக வாங்கி அங்கத்தவருக்கு வாங்கிய விலைக்கே பிரித்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்கு எல்லோரும் ஒரே நாளில் வாகனம் வைத்துப் போய் பிரஷர், சீனி, நிறை பார்த்துக்கொள்வது. அங்கே 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள், ஆகவே வீட்டிலுள்ள மகன், மருமகளையும் கூட்டி வரலாம். வாகனச் செலவை யார் ஏற்பது என்பதைப் பொருளாளரின் கணக்கைக் கேட்ட பிறகு பேசுவோம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
டிக்கோயா