மண் ஆய்வுக்கூடத்தில் மண் படித்தவர்களுக்கு இடம் வேண்டும்: வேளாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைச் செயலர் அவர்களுக்கும், துறையின் உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மண் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யத் தற்காலிகப் பணியாளர் ஒருவர் தேவை என்று மண் ஆய்வுக்கூடம் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த தாளின் படம், சென்ற மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. பதினொரு மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம், கல்வித் தகுதி, ஏதேனும் ஓர் அறிவியல் பட்டம். நேர்காணலுக்கு வந்து வராந்தாவில் காத்திருந்தவர்களில் மண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரிடம் தேர்வுக்குழு கேட்ட முதல் கேள்வி, “இவ்வளவு படித்துவிட்டு இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்?” என்பது. அவர் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அதற்கான பதில் தங்கள் துறையிடம்தான் இருக்கிறது என்று கருதுவதால், மண் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான் இம்மடலை எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் ஒவ்வொரு மண் ஆய்வுக்கூடத்திலும், நடமாடும் மண் ஆய்வு ஊர்தியிலும், மண் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று நிரந்தரப் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும்.

இன்றைய நிலை தாங்கள் அறியாததன்று. அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு இளநிலை வேளாண்மைப் பட்டம் போதும். அதற்குமேல் இரண்டாண்டுகள் மண்ணையே படித்தவருக்கு அங்கே தனி இடம் இல்லை. ஒன்றிய அளவில் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் அறிவிக்கும் பணியிடங்கள் நாடு முழுவதற்குமானவை. அவற்றில் மண் அறிவியலுக்கு ஒதுக்கப்படும் பங்கு எவ்வளவு என்பதும் தங்களுக்குத் தெரியும். எஞ்சுவது, ஆராய்ச்சித் திட்டங்களில் ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் ஒப்பந்த வேலையும், உர நிறுவனங்களின் விற்பனைப் பிரிவும்தான். உரத்தை எங்கே குறைக்கலாம் என்று கணக்கிடக் கற்றவர், மாத இலக்கு வைத்து உரம் விற்கப் போகிறார்.

மண் பரிசோதனைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு, செய்முறைக் கையேட்டைப் பார்த்துச் செய்துவிடலாமே என்று துறைக்குள்ளேயே சிலர் கேட்பதாக அறிகிறேன். நாகப்பட்டினத்துக் கடலோர உவர் மண்ணை எடுத்துக்கொள்வோம். அங்ககக் கரிமத்தை, அதாவது மக்கிய தாவர, உயிரினப் பொருள்களிலிருந்து மண்ணில் சேரும் கார்பனை, அளக்க நாம் கையாளும் வாக்லி–பிளாக் முறையில், பொட்டாசியம் டைகுரோமேட் கரிமத்தை மட்டுமல்லாமல் உவர் மண்ணிலுள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். கந்தக அமிலத்தில் வெள்ளி சல்பேட் சேர்க்காமல் விட்டால், இல்லாத கரிமம் இருப்பதாக முடிவு வரும். கரிமம் குன்றிய வயலுக்கு ‘போதுமானது’ என்று உழவருக்கு மண்வள அட்டை போகும். மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) இதே கதைதான்; அதை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் கரைசல் மண்ணுக்கு மண் மாறும். கோவைப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு ஓல்சன் கரைசல், நீலகிரியின் அமில மண்ணுக்குப் பிரே கரைசல். மாற்றி ஊற்றினால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. பித்தளைச் சல்லடையில் சலித்த மண்ணில், சல்லடையிலிருந்தே செம்பும் துத்தநாகமும் ஏறிக்கொள்ளும். இவை எதுவும் கருவியின் திரையில் தெரிவதில்லை, எண் தவறென்று எச்சரிக்க மணியும் அடிப்பதில்லை. மண்ணைப் படித்த ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து, ‘இந்த வயலில் இது இருக்க முடியாதே’ என்று சந்தேகப்பட்டால்தான் உண்டு.

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு காரணிகளை அளந்து தருவதாகச் சொல்கிறது. அந்தப் பன்னிரண்டில் எத்தனையை நம்பலாம் என்பது, அளந்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

படித்து முடித்தவர்களின் நிலை இது. படித்துக்கொண்டிருப்பவர்களின் நிலையையும் சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன். கள ஆய்வு செய்யும் மாணவருக்குத் தேதி குறிப்பது நிதிப்பிரிவு அன்று, பயிர். சம்பா நாற்றைப் பறித்து நட வேண்டிய வாரத்தில் நட்டாக வேண்டும். நாற்றங்காலிலேயே முற்றிப்போன நாற்றை நட்டால், தூர் கட்டாத பயிரைத்தான் அளக்க வேண்டிவரும். ஆனால் ஆராய்ச்சி நிதியோ, புரட்டாசியில் ஒப்புதலுக்குப் போய்ப் பங்குனியில் வந்து சேர்கிறது. மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்ற குறிப்போடு வருகிறது. வயலில் உளுந்து நிற்கும்போது நடவுக் கூலியை யாருக்குக் கொடுப்பது? என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவர், கடந்த சம்பாவில் உதவித்தொகை வராமல், நடவுக் கூலிக்காகத் தம் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். அறுவடை முடிந்தது. மாதிரிகளை உலர்த்தி, சலித்து, துணிப்பையில் கட்டிப் பெயர் எழுதியும் வைத்தாயிற்று. துத்தநாகம் அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியின் விளக்கு பழுதாகிக் கிடந்ததால், தனியார் ஆய்வகத்துக்கு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்தார். சங்கிலிக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய ஆய்வேட்டின் நன்றியுரையில் நிதி வழங்கிய நிறுவனத்தின் பெயர் முறைப்படி இடம்பெறும். அடகுக் கடன் வழங்கிய ஆதரவைக் குறிப்பிட அதில் வழக்கமில்லை.

2023 ஜனவரி முதல் ஒன்றிய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. தேசியத் தேர்வில் தேறிய சிலருக்கு அது உண்டு. மற்ற பெரும்பாலோர் வீட்டுப் பணத்தில்தான் மண் அளக்கிறார்கள். மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கருவிகள் இருக்கின்றன. வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் அங்கு மாதிரி வரத்தும் குறைவு. அந்த நாட்களில் ஆய்வு மாணவர்கள் அவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும், அதற்கு ஈடாக உழவர்களின் மாதிரிகளைப் பகுத்துத் தரவும் ஓர் ஆணை போதும். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

நிதி இல்லை என்ற பதிலையும் எதிர்பார்த்தே எழுதுகிறேன். உர மானியத்துக்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் செலவிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது அதனால்தான். மாநில அரசும் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை அளித்துவருகிறது. ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்துக்கு 2024-25-இல் 206 கோடி ரூபாய் அறிவித்தது. மகிழ்ச்சியே. டிசம்பர் 5 உலக மண் நாளன்று ஒரு பிடி மண்ணைக் கையில் ஏந்தி எடுக்கப்படும் நிழற்படங்களும் ஆண்டுக்கு ஆண்டு தெளிவாகி வருகின்றன. அந்த விழாக்களில் நாற்காலி அடுக்குவதும், கண்காட்சிக்கு மண் அடுக்கு மாதிரியை வெட்டிக் கொண்டுவந்து நிறுத்துவதும் மண் அறிவியல் மாணவர்கள்தான். விழா முடிந்ததும் சான்றிதழும் ஒரு மரக்கன்றும் கிடைக்கும். என் விடுதி அறை வாசலில் வைக்க இனி இடமில்லை.

சற்றுக் கசப்பாக எழுதிவிட்டேன்; பொறுத்தருள வேண்டும். ஆனால் கோவையில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நூறாண்டு கடந்தும் தொடர்கிற மாநிலம் இது. ஒரே வயலை நூறாண்டு பொறுமையாகக் கவனிக்க முடிந்த மாநிலத்தில், அந்தக் கவனிப்பைக் கற்றவர்களைப் பதினொரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது என நம்புகிறேன்.

ஆகவே பணிவுடன் மீண்டும் வேண்டுகிறேன். மண் ஆய்வுக்கூடங்களில் மண் அறிவியல் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குங்கள்; முதற்கட்டமாகக் கூடத்துக்கு ஒருவர் என்றாலும் போதும். அதுவரை வெளியாகும் ஒப்பந்த அறிவிப்புகளில் ‘ஏதேனும் ஓர் அறிவியல் பட்டம்’ என்பதை நீக்கி, மண் அறிவியலுக்கு முன்னுரிமை அளியுங்கள். கள ஆய்வு மாணவர்களுக்கான மாநில உதவித்தொகையை நடவுப் பருவத்துக்கு முன் வழங்க ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கைக்கு முன் நடைபெறும் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு, உழவர்களோடும் வணிகர்களோடும் மண் அறிவியல் மாணவர்கள் சிலரையும் அழைக்கக் கோருகிறேன். பயணச் செலவை நாங்களே பார்த்துக்கொள்வோம். அது எங்களுக்குப் பழக்கம்தான்.

இங்ஙனம்,
மண் அறிவியல் முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவர்